உட்காரச் சொல்லாத நாற்காலி

ஜூன் 12, வெள்ளி

உட்கார்ந்துவிட்டாள். சேர்ந்த முதல் நாளே, சார் அறையில், சாருக்கு எதிரில், கால்மேல் கால் போடாத குறையாக உட்கார்ந்துவிட்டாள். எழுதும்போதே பேனா தாளைக் கிழிக்கிறது. கோபம்தான். எனக்கென்ன பயம்?

எல்லாவற்றையும் விளக்கமாக எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் பிற்பாடு நானே நம்ப மாட்டேன். சார் என்றால் பேராசிரியர் அருணகிரி, எங்கள் கல்லூரிச் சமூகவியல் துறைத் தலைவர், என் முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டி. அவருடைய மேசைக்கு எதிரே பிரம்பு பின்னிய நாற்காலி ஒன்று உண்டு. பிரின்சிபால் வந்தால் அதில் உட்காருவார். இன்சூரன்ஸ் ஏஜென்ட் வந்தால்கூட உட்காருவார். ஆய்வு மாணவர்கள் மட்டும் உட்காருவதில்லை. வைவா முடிந்து பட்டம் உறுதியான அன்று சார் அந்த நாற்காலியைக் கைகாட்டி, "உட்காருங்க டாக்டர்" என்பார். அதற்குப் பிறகு உட்காரலாம். இதுவரை ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் அழுதேவிட்டார்கள். நான் ஏழாவது வருஷமாக நிற்கிறேன்.

இவள் பெயர் ஜெசிந்தா. உள்ளே வந்தாள், "வணக்கம் சார்" என்றாள், நாற்காலியைக் கர்ரென்று இழுத்தாள், உட்கார்ந்தாள். சார் பேனாவை மூடிவிட்டார். நான் கண்ணைக் காட்டினேன், புருவத்தைத் தூக்கினேன், இருமினேன். "தண்ணி வேணுமாக்கா?" என்று பாட்டிலை எடுத்து நீட்டுகிறாள், உட்கார்ந்தபடியே!

வெளியே வந்ததும் வராந்தாவில் பிடித்துக்கொண்டேன். "ஏன் புள்ள உக்காந்த?"

"கால் வலிச்சுச்சுக்கா. வத்தலக்குண்டுல இருந்து பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன்."

கால் வலித்ததாம்! எனக்கு மட்டும் என்ன, காலுக்குப் பதில் உலக்கையா இருக்கிறது? காய்ச்சலோடு நின்றிருக்கிறேன். இடது முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகக் கிடக்கிறது, அதோடும் நிற்கிறேன். அந்த மார்ச் மாதத்தில்கூட நின்றேன். அது இருக்கட்டும்.

ஜூன் 15, திங்கள்

சார் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார். குரலை உயர்த்துகிற மனிதர் இல்லை அவர். பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிற மாதிரிப் பேசுவார்.

"புதுசா வந்திருக்கற பொண்ணுக்கு முறை தெரியல போலிருக்கேம்மா."

"சின்னப் பொண்ணு சார்."

"நீதானே சீனியர். எடுத்துச் சொல்லு. டிபார்ட்மெண்ட் டிபார்ட்மெண்டா இருந்தாத்தானே உன் வேலையும் நடக்கும்?"

என் வேலை என்றால் என் ஆய்வேடு. சித்திரையிலேயே முழுதாக முடித்துக் கொடுத்துவிட்டேன். அவர் கையெழுத்துப் போட்டால்தான் பல்கலைக்கழகம் வாங்கும். ஆகஸ்ட் 31 தாண்டினால் என் பதிவு காலாவதி. போடுகிறேன், போடுகிறேன் என்கிறார். அது எங்கே இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். அவர் வீட்டு ஃபிரிட்ஜ் மேலே. அதன்மேல் ஒரு சீப்பு வாழைப்பழம்.

ஆக, அவள் நின்றால் எனக்குக் கையெழுத்து. நல்ல கதை.

ஜூன் 18, வியாழன்

காலையில் சார் வீட்டம்மாவைச் சர்க்கரைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். சாப்பாட்டுக்கு முன் ஒரு ரத்தம், பின் ஒரு ரத்தம். இடைப்பட்ட நேரத்தில் அம்மாவுக்கு இட்லி வாங்கிக் கொடுத்து, சார் சட்டைகளை இஸ்திரிக்குப் போட்டு, ரேஷன் கடையில் நின்று, கடைசியில் என் இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்குச் 'சமூகச் செயல்' பாடம் எடுக்க ஓடினேன். நான் இங்கே கௌரவ விரிவுரையாளரும்கூட. கௌரவம்! நல்ல பெயர் வைத்தான் எவனோ.

மனிதர்கள் ஒரு காரியத்தை ஏன் செய்கிறார்கள் என்பதை நான்காகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு லாபத்தைக் கணக்குப்போட்டுச் செய்வது ஒன்று. லாபமோ நஷ்டமோ, இதுதான் சரி என்று நம்பிச் செய்வது இன்னொன்று. உணர்ச்சிவேகத்தில் செய்வது, பழக்கத்தால் செய்வது. சாருடைய சட்டையை நான் இஸ்திரிக்குக் கொண்டுபோவது இதில் எது? கையெழுத்துக்காக என்றால் முதல் வகை. குருவுக்குச் செய்வது புண்ணியம் என்றால் இரண்டாவது. முதல் இரண்டு வருஷம் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். எம்.ஏ. படிக்கும்போது சமத்துவத்தைப் பற்றி அவர் பேசியதைக் கேட்டு அழுதவள் நான். இப்போது சட்டையை எடுக்கும்போது அதைக் கிழித்துப் போடலாமா என்று இருக்கிறது. ஆனால் கிழிப்பதில்லை, மடித்துத்தான் கொடுக்கிறேன். இதற்கு என் ஆய்வேட்டில் வகை இல்லை.

ஜூன் 23, செவ்வாய்

ஆய்வாளர் அறையில் ஜெசிந்தாவைக் கூப்பிட்டு வைத்துப் பேசினேன். அங்கே ஒரே ஒரு ஸ்டூல்தான். நான் உட்கார்ந்து சொன்னேன், அவள் நின்று கேட்டாள்.

"இங்க ஒரு முறை இருக்கு. சார் முன்னாடி நாம உக்கார்றதில்ல."

"சார் நிக்கச் சொன்னாராக்கா?"

"அதெல்லாம் சொல்லுவாங்களா?"

"சொல்லட்டும், நிக்கிறேன். சொல்லாம எப்படிக்கா நிக்கறது?"

பிறகு தன் கதையைச் சொன்னாள். பட்டப்படிப்பு முடித்துவிட்டு மூன்று வருஷம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்திருக்கிறாள். காலையில் மாடி ஏறினால் ராத்திரி வரை நிற்க வேண்டும். அப்புறம் கடைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று சட்டம் வந்தது. இவள் கடையிலும் மாடிக்கு நாலு ஸ்டூல் வந்து இறங்கியதாம்.

"யாருமே உக்காரலக்கா. சூப்பர்வைசர் வேணாம்னு சொல்லல. சும்மா பார்த்தாரு. அவ்வளவுதான். ஸ்டூல்மேல துணிக்கட்ட அடுக்கி வச்சுட்டோம், நாங்களே. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே சும்மா நிக்கறதில்லன்னு."

அதைத்தான் ஆய்வுத் தலைப்பாகவும் எடுத்திருக்கிறாளாம். எடுக்கட்டும், யார் வேண்டாம் என்றது? என் கழுத்தை ஏன் அறுக்கிறாள்? "உனக்கென்ன, நேத்து வந்தவ. என் ஏழு வருஷம்டி!" என்று கத்திவிட்டேன். "சாரிக்கா" என்றாள். ஆனால் நிற்கிறேன் என்று சொல்லவில்லை, கவனித்தேன்.

ஜூன் 24, புதன்

யோசித்து யோசித்துப் பார்த்தேன். சார் என்னையும் நிற்கச் சொன்னதே இல்லை.

ஜூன் 29, திங்கள்

சார் வீட்டு இஸ்திரித் துணிக்கும் மின்சார பில்லுக்கும் ஜெசிந்தாவை அனுப்பினேன். பழகட்டும், அவளுக்கும் நல்லதுதானே. என் ஜெராக்ஸையும் அவளிடமே கொடுத்துவிட்டேன். எத்தனையோ வருஷம் கழித்து மதியம் ஒரு மணிநேரம் தூங்கினேன்.

ஜூலை 1, புதன்

சார் சொல்லவில்லை என்றால் பின்னே எனக்கு யார் சொன்னது? எனக்கு முந்திப் பட்டம் வாங்கிய பாண்டியராஜன் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் இப்போது வேறு கல்லூரியில் பேராசிரியர்.

"அண்ணே, சார் உங்களை நிக்கச் சொன்னாரா?"

"அதெல்லாம் சொல்லணுமா? எனக்கு முந்தி இருந்தவங்க நின்னாங்க, நானும் நின்னேன்."

"அவங்களுக்கு யார் சொன்னது?"

"காலங்காத்தால வம்பா உனக்கு? சார் பாவம், அவரோட சார் வீட்ல மாட்டுக்குத் தண்ணி காட்டியிருக்காரு. நம்மள அப்படியா வச்சிருக்காரு?"

"இப்ப உங்ககிட்டப் படிக்கிற பிள்ளைங்க உக்கார்றாங்களாண்ணே?"

"எங்க ரூம் சின்னதும்மா" என்றார்.

ஜூலை 6, திங்கள்

ஒரு யோசனை வந்தது, என்னைவிடப் புத்திசாலி இந்த ஜில்லாவில் கிடையாது. நாற்காலி இருந்தால்தானே அந்தச் சனியன் உட்காரும்? பிரம்பு நாலு இடத்தில் பிய்ந்திருக்கிறது, பின்னுகிறவரிடம் கொடுக்கிறேன் என்று சொல்லி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். சார் ஊரில் இல்லை. ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். இனி எல்லோரும் நிற்போம், யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, எனக்குக் கையெழுத்து.

ஜூலை 8, புதன்

மண்ணாங்கட்டி யோசனை.

நானும் ஜெசிந்தாவும் இன்னும் இரண்டு ஆய்வு மாணவிகளும் சார் அறைக்குப் போனோம். சார் ஊரிலிருந்து திரும்பிவிட்டார். நாற்காலி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா அது?"

"பிரம்பு பின்னக் கொடுத்திருக்கேன் சார். பதினஞ்சு நாள் ஆகும்."

"நான் கேட்டேனா?"

சொல்லி வாய் மூடவில்லை, ஜெசிந்தா துப்பட்டாவை ஒதுக்கிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்! மடியில் நோட்டு, கையில் பேனா. "சொல்லுங்க சார்" என்கிறாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சாருக்கு அவள் உச்சந்தலை மட்டும்தான் தெரிகிறது. அவர் எக்கிப் பார்க்கிறார். பக்கத்தில் நின்ற இரண்டாம் வருஷ ஆய்வுப் பிள்ளைக்குச் சிரிப்பு வந்து, இருமுவதுபோல் வெளியே ஓடிவிட்டது. எனக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முதல் தடவையாக அவர் குரலில் எரிச்சல். "நாற்காலி நாளைக்கு இங்க இருக்கணும். அது இல்லாட்டி ரூம் ரூமாவே இல்ல."

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. நாற்காலி இல்லாத இடத்தில் நிற்பது வெறும் நிற்பது, பஸ்ஸில் நிற்பதுபோல. உட்காரலாம் என்று கண்ணெதிரே ஒன்று காலியாகக் கிடக்க வேண்டும், நாங்கள் உட்காராமல் இருக்க வேண்டும். அவருக்கு அதுதான் வேண்டும். ஏழு வருஷமாக அதிகாரத்தைப் பற்றிப் படித்து முன்னூறு பக்கம் எழுதியிருக்கிறேன். இந்த ஒரு வரி அதில் இல்லை. தூ!

ஜூலை 9, வியாழன்

பாதி பின்னிய நாற்காலியைத் திரும்பக் கொண்டுவந்து போட்டேன். நடுவில் ஓட்டை. ஜெசிந்தா அதன்மேல் ஒரு அட்டையை வைத்து உட்கார்ந்தாள்.

ஜூலை 20, திங்கள்

வகுப்பில் அதிகாரத்தின் மூன்று வகை. தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் என்று கீழ்ப்படிவது மரபு. ஒருவருடைய பேச்சிலும் ஆளுமையிலும் மயங்கிக் கீழ்ப்படிவது வசீகரம். அந்த நாற்காலியில் யார் இருந்தாலும் விதி இதுதான் என்று கீழ்ப்படிவது சட்டம். ஆளுக்கு அல்ல, பதவிக்கு. மூன்றுக்கும் அடியில் ஒன்றுதான் இருக்கிறது. கீழ்ப்படிகிறவர்கள் இது நியாயமான அதிகாரம் என்று நம்புகிறார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "நம்பலன்னா மேடம்? நம்பாமலே கீழ்ப்படிஞ்சா?"

"அது பரீட்சைக்கு வராது, உக்காரு" என்றேன்.

ஆகஸ்ட் 3, திங்கள்

ஆடிப்பெருக்கு. சார் வீட்டுக்குப் புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் கிளறிக் கொண்டுபோனேன். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு கரண்டிதான் மிச்சம்.

சார் சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டே சொன்னார். வருகிற இருபத்தொன்றாம் தேதி ஆய்வுக் குழு கூடுகிறது. ஜெசிந்தா ஒழுங்காக வருவதில்லை, அவள் பதிவை ரத்துசெய்ய வேண்டும் என்று அவர் குறிப்பு வைக்கப்போகிறார். விதியில் இடம் இருக்கிறது. வெளியிலிருந்து வருகிற உறுப்பினர் ஹமீதா பானு கொஞ்சம் கறார், சும்மா ஒப்புக்கொள்ள மாட்டார்.

"நீ வந்து வாயால சொன்னாப் போதும். ஒழுங்கா வர்றதில்லன்னு. அன்னிக்குச் சாயங்காலமே உன்னோடத முடிச்சிடலாம்."

"அவ தினமும் வர்றாளே சார்."

"வர்றது வேற, ஒழுங்கா வர்றது வேறம்மா."

அம்மா உள்ளேயிருந்து, "தெய்வானை, புளியோதரையில உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார். ஃபிரிட்ஜ் மேலே என் ஆய்வேடு அப்படியே இருந்தது. வாழைப்பழம் போய் இப்போது ஒரு பூசணிக்காய்.

ஆகஸ்ட் 5, புதன்

அவளாகத் தேடிக்கொண்டது இது. ஒரு நிமிடம் நின்றிருந்தால் என்ன குறைந்துவிடும்? நான் நிற்கவில்லையா?

ஆகஸ்ட் 12, புதன்

மழை. துணி காயவில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது. ஜெசிந்தா என் முழங்காலைப் பார்த்துவிட்டு, கடையில் நின்ற காலத்தில் தான் போட்டுக்கொண்ட இறுக்கமான காலுறை ஒரு ஜோடி கொண்டுவந்து கொடுத்தாள். "கீழ இருந்து மேல இழுத்துப் போடணும்க்கா, காலைல படுக்கையில இருந்து எந்திரிக்கறதுக்கு முன்னாடியே." வேண்டாம் என்று சொல்லியும் பையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

இன்று என் வீட்டுக்காரர் குணசீலனிடம் சொன்னேன், குழுவில் என்ன சொல்லப்போகிறேன் என்று. அவர் கடையில் ஒரு செல்போனைப் பிரித்து வைத்திருந்தார். நிமிரவில்லை.

"உன் இஷ்டம். ஆனா அந்த மார்ச்ல நீ என்கிட்ட ஒண்ணு சொன்ன. ஆஸ்பத்திரியில. ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. எழுதவே கூடாது என்று இருந்தேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், மார்ச் மாதம். எனக்கு மூன்று மாதம். யாரிடமும் சொல்லவில்லை. மாணவிகள் பிள்ளை பெறுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் சார் சிரிக்கிற சிரிப்பு ஒன்று உண்டு, அதற்குப் பயந்து சொல்லவில்லை. துறையில் தேசியக் கருத்தரங்கு. இரண்டு நாளும் வாசலில் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமுமாக நான்தான் நின்றேன். வருகிறவர்களுக்கெல்லாம் தெளித்தேன். சாப்பாட்டுப் பந்தியிலும் நின்றேன். இடுப்பு விட்டுப்போகிறது. பக்கத்திலேயே, வரவேற்பு மேசையை ஒட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றில் உட்கார்ந்திருக்கலாம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சார் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கக்கூட இல்லையோ என்னவோ. கருத்தரங்கு முடிந்த மறுநாள் எல்லாம் போய்விட்டது.

நின்றதால் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். இப்படி நடப்பது உண்டு, காரணம் இருக்காது என்றார். இருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குணசீலன் கையைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னது இதுதான்: "நான் ஏங்க உக்காரல?"

அந்தச் சிறுக்கி வந்த முதல் நாளே உட்கார்ந்தாள். கால் வலித்தது, உட்கார்ந்தாள். அவ்வளவுதான். இரண்டு மாதமாக எனக்கு ஏன் வயிறு எரிகிறது என்று இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய?

ஆகஸ்ட் 21, வெள்ளி

குழு சார் அறையிலேயே கூடியது. மேசைக்கு அந்தப் பக்கம் சார் நடுவில். ஒரு பக்கம் ஹமீதா பானு, இன்னொரு பக்கம் வரலாற்றுத் துறைக்காரர், முந்திரி கொறித்துக்கொண்டு. இந்தப் பக்கம் பிரம்பு நாற்காலி காலியாக. ஜெசிந்தாவை வெளியே இருக்கச் சொல்லியிருந்தார்கள். நான் நின்றேன்.

ஹமீதா பானு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார். "இந்தப் பொண்ணு ஒழுங்கா வர்றதில்லன்னு குறிப்பு இருக்கு. நீங்க கூடவே இருக்கறவங்க. சொல்லுங்கம்மா."

வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன், பொய் சொல்லத்தான். காலையில் ஜெசிந்தாவின் காலுறையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன், ஆனாலும் முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. சார் என்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்க வேண்டிய அவசியம்கூட அவருக்கு இல்லை. அதுதான். அந்த இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாற்காலியை இழுத்தேன். கர்ரென்றது. உட்கார்ந்தேன்.

ஒரு நொடி. அதற்குள் சார் முகம் பூவாக மலர்ந்துவிட்டது. "உக்காரும்மா, உக்காரு. பரவாயில்ல" என்றார். பக்கத்திலிருந்தவர்களிடம் திரும்பி, "எங்க டிபார்ட்மெண்ட்ல எல்லாரும் நம்ம வீட்டுப் பிள்ளைங்க மாதிரி" என்றார்.

அடப்பாவி! ஏழு வருஷம் கழித்து நானாக எடுத்துக்கொண்டதை, தான் கொடுத்ததாக ஆக்கிக்கொண்டார். நான் உட்கார்ந்ததும் அவருடைய தயவாம்!

எழுந்தேன். "நீங்க சொல்லி உக்காரல சார். கால் வலிச்சுச்சு, நானா உக்காந்தேன்" என்றேன். மறுபடி உட்கார்ந்தேன். வரலாற்றுத் துறைக்காரர் முந்திரியை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஜெசிந்தா தினமும் வர்றா மேடம். எனக்கு முந்தி வந்துடறா. லைப்ரரியில கேளுங்க. அவ செஞ்ச தப்பு ஒண்ணே ஒண்ணுதான். இந்த நாற்காலியில உக்காந்தா."

ஹமீதா பானு சாரைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குறிப்பை அடித்துவிட்டு, 'ஆய்வு தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எல்லோரும் போன பிறகு சார் பழைய பன்னீர்க் குரலில் சொன்னார். "உன் தீசிஸ இன்னொரு தடவை நிதானமாப் படிக்கணும்மா. அவசரப்பட்டு அனுப்பக் கூடாது பாரு."

ஆகஸ்ட் 24, திங்கள்

ஆய்வாளர் அறைக்கு வீட்டிலிருந்து இன்னொரு ஸ்டூல் கொண்டுபோய்ப் போட்டேன்.

ஆகஸ்ட் 31, திங்கள்

கடைசி நாள். காலையில் படிவத்தோடு போனேன். சார் மேசைமேல் என் ஆய்வேடு இருந்தது. ஃபிரிட்ஜிலிருந்து இறங்கி வந்துவிட்டது, பரவாயில்லை. படிவத்தை அதன்மேல் வைத்தேன், நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவர் பரீட்சைத் தாள் திருத்தினார், போனில் பேசினார், டீ குடித்தார். யார் யாரோ வந்தார்கள், போனார்கள். என்னைப் பார்த்ததும் எல்லோருக்கும் சொல்ல வந்தது மறந்துபோயிற்று. மதியம் சாப்பிடக்கூடப் போகவில்லை நான். போனால் நாற்காலி போய்விடும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். ஜெசிந்தா ஒரு சம்சா கொண்டுவந்து தந்துவிட்டு, என் பக்கத்தில் தரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனாள்.

பல்கலைக்கழகத்துக்குப் போகும் தபாலை ஐந்து மணிக்குக் கட்டுவார்கள். ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் சார் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். பேனா மூடியைத் திறந்தார். நிப்பைத் தாளில் வைத்தார்.

"எந்திரிம்மா. போட்டுடறேன்."

சொல்லிவிட்டார். வாயால் சொல்லிவிட்டார். ஏழு வருஷத்தில் ஒரு தடவையும் சொல்லத் தேவைப்படாத வார்த்தை. அது கட்டளையா கெஞ்சலா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. வயதானவராகத் தெரிந்தார்.

எழுந்திருப்பது என்ன பெரிய காரியமா? ஏழு வருஷமாகச் செய்ததுதானே. எழுந்து நின்றால் ஒரு நிமிடம். அப்புறம் வைவா, டாக்டர் தெய்வானை, நிரந்தர வேலை, எங்காவது ஒரு அறை, எனக்கு ஒரு மேசை, எதிரே ஒரு நாற்காலி. எல்லாம் அந்த நிப்பின் முனையில் இருந்தது. கால் எழவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். பொய். கால் எழத்தான் பார்த்தது. பழக்கம். நான்தான் அதைப் பிடித்து உட்காரவைத்தேன், இரண்டு கையாலும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு.

"கால் வலிக்குது சார்" என்றேன்.

காத்திருந்தார். நானும் இருந்தேன். மணி அடித்தது. பேனாவை மூடினார், பையை எடுத்தார், என்னைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார். படிவத்தில் நிப்பை வைத்த இடத்தில் ஒரு சின்ன மைப்புள்ளி மட்டும் இருந்தது.

செப்டம்பர் 2, புதன்

பதிவு காலாவதி ஆகிவிட்டது. வேறு வழிகாட்டியிடம் புதிதாகப் பதிவுசெய்யலாம் என்று ஹமீதா பானு போனில் சொன்னார், தானே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், இன்னும் மூன்று வருஷமாவது ஆகும். கேட்டுவிட்டு நன்றி சொன்னேன். போனை வைத்ததும் ஓவென்று அழுதேன். பிறகு சார் வீட்டுக்குப் புளியோதரை கொண்டுபோன தூக்குவாளி கண்ணில் பட, ஆத்திரத்தில் அதை எட்டி உதைத்தேன். கால் வலித்தது. குணசீலன் எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு, "சப்பிப்போச்சு" என்றார். நல்லது.

நான் செய்தது சரியா? நாலு வகையில் எந்த வகை? யாராவது கேட்டால் அறைந்துவிடுவேன்.

சாயங்காலம் ஜெசிந்தா கூப்பிட்டாள். "அக்கா, சார் ரூம்ல நாற்காலிய எடுத்துட்டாங்க. அவரே எடுக்கச் சொன்னாராம். மாடிப்படிக்குக் கீழ கிடக்கு."

நாற்காலி இல்லாவிட்டால் ரூம் ரூமாகவே இல்லை என்ற மனிதர்! எனக்குச் சிரிப்பதா பல்லைக் கடிப்பதா என்று தெரியவில்லை.

"நீ என்ன பண்ண?"

"தரையில உக்காந்தேன்."

"மத்தவங்க?"

"நின்னாங்கக்கா. எப்பவும்போல." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "ஆனா அந்த ரெண்டாம் வருஷப் பொண்ணு, சிரிச்சுட்டு வெளிய ஓடினாளே, அவ இன்னிக்குச் செவத்துல சாஞ்சுக்கிட்டு நின்னா."

"சார் பாத்தாரா?"

"பாத்தாருக்கா. நல்லாவே பாத்தாரு."

"அப்புறம்?"

"அப்புறமும் சாஞ்சுக்கிட்டுத்தான் இருந்தா."